மரை கழண்டது யாருக்கு? “15 சதவீத” சைக்கிளால் பெரம்பூர் குமாஸ்தா பட்ட பாடு!

சென்னை,

இடது காலில் செருப்பு இருந்தது. செருப்புக்கு அடியில் இருக்க வேண்டிய பெடலைத்தான் காணோம்! நடுரோட்டில், காலை 9 மணி நெரிசலில், டவுட்டன் சந்திப்பில் சைக்கிளோடு சாய்ந்தார் ஒரு குமாஸ்தா. பின்னால் வந்த மாநகரப் பஸ் “கிரீச்” என்று நின்றது. பஸ்சுக்கும் அவர் தலைக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி.

இதற்கெல்லாம் காரணம் ஒரு காகிதம் என்றால் நம்ப முடிகிறதா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அந்த குமாஸ்தாவுக்கு வயது 52. பெரம்பூரில் குடியிருக்கிறார். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். “பேரைப் போட்டுடாதீங்க. கடையில கிண்டல் தாங்காது” என்று கேட்டுக் கொண்டிருப்பதால் அவரை குமாஸ்தா என்றே வைத்துக் கொள்வோம்.

2025-ம் ஆண்டு ஆடி மாதம் அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது. “தினம் நடங்க. இல்லேன்னா சைக்கிள் மிதிங்க” என்றார் டாக்டர். நடப்பதென்றால் குமாஸ்தாவுக்கு வேப்பங்காய். சைக்கிள் என்றதும் முகம் மலர்ந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து, குரங்கு பெடல் போட்டுக் கற்றுக் கொண்டவர் அவர். பெரம்பூரில் இருந்து பாரிமுனைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். பஸ் காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது என்று கணக்குப் போட்டார்.

பிளஸ்-1 படிக்கும் மகன் செல்போனில் தேடி ஒரு சைக்கிளைக் காட்டினான். ஆடித் தள்ளுபடியில் விலை ரூ.7,499. வீட்டுக்கே வந்துவிடும். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், “85 சதவீதம் பொருத்தப்பட்டது” என்று போட்டிருந்தது.

“மிச்சம் 15 சதவீதம் என்னடா?” என்று கேட்டார் குமாஸ்தா.

“அது நாமளே மாட்டிக்கணும்பா. பத்து நிமிஷ வேலை” என்றான் மகன்.

அந்தப் பத்து நிமிஷம் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கியது.

ஆறு மொழியில் காகிதம்

வந்த அட்டைப் பெட்டியைப் பார்த்து அவர் மனைவி, “சைக்கிள் வாங்கினீங்களா, பீரோ வாங்கினீங்களா?” என்றார். பிரித்தால், ஹேண்டில் பாரை ஒருபக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். முன் சக்கரம் தனி. சீட்டு தனி. பெடல் இரண்டும் ஒரு சின்ன டப்பாவில். ஒரு பாலிதீன் பையில் நட்டு, போல்ட்டு, வாஷர்கள். கூடவே தகரத்தில் வெட்டியது மாதிரி ஒரு ஸ்பேனர்.

அடியில் அந்தக் காகிதம்! எட்டாக மடித்து வைத்திருந்தார்கள். விரித்தால் ஆறு மொழிகள். அதில் தமிழ் இல்லை. ஆங்கிலம் இருந்தது. இருந்தும் பயன் இல்லை. அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் முதல் வரி இப்படி வரும்: “மகிழ்ச்சியான சவாரிக்கு முன்னால் உடம்பை நன்றாக இறுக்கிக் கொள்ளவும்.”

யார் உடம்பை? சைக்கிள் உடம்பையா, ஓட்டுகிறவர் உடம்பையா? அப்பாவும் மகனும் கால் மணி நேரம் வாதாடினார்கள். “ரெண்டையும் இறுக்கிட்டாப் போச்சு” என்று சமையல்கட்டில் இருந்து தீர்ப்பு வந்தது.

“படம் 7-ஐப் பார்க்கவும்” என்று நாலு இடத்தில் எழுதியிருந்தார்கள். படங்கள் 6-ஓடு முடிந்துவிட்டன. படத்தில் இருந்த சைக்கிளுக்கு கியர் இருந்தது, டிஸ்க் பிரேக் இருந்தது. வீட்டுக்கு வந்த சைக்கிளில் இரண்டும் கிடையாது. ஒவ்வொரு படமும் தீப்பெட்டி அளவு. அதை மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார் குமாஸ்தா.

முன் சக்கரத்தை மாட்டி, ஹேண்டிலை நேராக்கி முறுக்கினார்கள். சீட்டை மாட்டினார்கள். பையில் சிவப்பு, வெள்ளை நிறத்தில் நாலைந்து பிளாஸ்டிக் வில்லைகள் கிடந்தன. அவை என்ன என்று காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மகன் இரண்டை எடுத்துத் தன் மேஜையில் அழகுக்கு ஒட்டி வைத்துக் கொண்டான்.

அவைதான் ரிப்ளெக்டர்கள். இரவில் பின்னால் வரும் லாரி வெளிச்சத்தில் பளிச்சிட்டு, சைக்கிள்காரர் உயிரைக் காப்பாற்றும் சாமான். சைக்கிள் ரிப்ளெக்டர்கள் குறிப்பிட்ட தரத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் உத்தரவே போட்டிருக்கிறது. தரம் சரியாகவே இருந்தது. அதை எங்கே மாட்டுவது என்ற குறிப்புதான் இல்லை.

ஏறாத பெடல்

கடைசியாகப் பெடல். சனியன் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

ஒரு பெடலின் தண்டில் “எல்” என்ற ஆங்கில எழுத்து. இன்னொன்றில் “ஆர்”. அதாவது இடது, வலது. காகிதத்தில் 4-வது படத்தைப் பார்த்தார்கள். செயின் இருக்கும் பக்கத்துக்கு “எல்” பெடல், செயின் இல்லாத பக்கத்துக்கு “ஆர்” பெடல் என்று போட்டு, எதை எந்தப் பக்கம் திருகுவது என்று அம்புக்குறியும் போட்டிருந்தார்கள்.

“செயின் வலது பக்கம்தானேப்பா இருக்கு? எல்-னு போட்டிருக்கானே?” என்று மகனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அச்சடிச்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப் போகுது? போட்டிருக்கறபடி மாட்டு” என்றார் அப்பா. முப்பது வருடமாகப் பில்லில் போட்டிருக்கிறபடியே கணக்கு எழுதிப் பழகியவர். அச்சில் வந்தால் அவருக்கு வேதம்.

பெடல் ஏறவில்லை. முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தது. தேங்காய் எண்ணெய் விட்டார்கள். ஏறவில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் பைப் ரெஞ்சு இரவல் வாங்கி வந்தார்கள். அப்பா பிடிக்க, மகன் அழுத்த, “கிர்ர்ர்” என்று ஒரு சத்தம். பெடல் ஏறிவிட்டது! கிராங்க் அலுமினியம், பெடல் தண்டு இரும்பு. அலுமினியம் என்ன செய்யும்? விட்டுக் கொடுத்துவிட்டது. இன்னொரு பக்கமும் அதே வைத்தியம்.

மாலை 4 மணிக்கு சைக்கிள் நின்றது. தரையில் மூன்று நட்டும் ஒரு வாஷரும் மிச்சம். “85 சதவீதத்துக்கு மேல நாம நல்லாவே பண்ணிட்டோம். சாமானே மிச்சம் ஆகியிருக்கு” என்று பெருமைப்பட்டார் குமாஸ்தா. சைக்கிளுக்கு மஞ்சள், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடைக்கு சைக்கிளில்தான் போனார். வளைவில் திருப்பும்போதெல்லாம் கால்விரல் முன் டயரில் இடித்தது. “செருப்பு பெரிசா இருக்கு போல” என்று நினைத்துக் கொண்டார். புதன்கிழமை இடது பெடலில் “டக், டக்” என்று சத்தம் வந்தது. புது வண்டி, பழகட்டும் என்று விட்டுவிட்டார்.

நடுரோட்டில் விழுந்தார்

வியாழக்கிழமை காலை டவுட்டன் சந்திப்பில் சிக்னல் விழுந்தது. எழுந்து நின்று ஒரே அழுத்தாக அழுத்தினார். அவ்வளவுதான்! பெடல் கழன்று உருண்டது. குமாஸ்தா ஒரு பக்கம், டிபன் கேரியர் ஒரு பக்கம். முழங்கால் கிழிந்து ரத்தம். பஸ் டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றிருக்காவிட்டால் இது வேறு மாதிரிச் செய்தியாகப் போயிருக்கும்.

அங்கே பணியில் இருந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடி வந்து தூக்கி விட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு ரோட்டோரம் கிடந்த பெடலை எடுத்து வந்து, “உங்களோடதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“லைட் இல்லேன்னா, டபுள்ஸ் போனா கேஸ் போட்ட காலம் ஒண்ணு உண்டுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. பெடல் இல்லேன்னா என்ன கேஸ்னு எனக்கே தெரியலையே சார்!” என்றார் அவர். விழுந்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முழங்காலில் நாலு தையல். இரண்டு நாள் லீவு, சம்பளம் பிடித்தம்.

வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை மகன் அதே சைக்கிளை டியூஷனுக்கு எடுத்துப் போவதாக இருந்தது. காலையில் இருந்தே டயருக்குக் காற்று அடித்துத் தயாராக இருந்தான். தையல் போட்ட காலைப் பார்த்த தாயார் எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்று இரவு அந்த வீட்டில் சரியாகச் சாப்பிட்டவர் யாரும் இல்லை.

பாய் கடையில் பென்சில் பாடம்

மறுவாரம் நொண்டிக் கொண்டே ஓட்டேரிக்கு சைக்கிளைத் தள்ளிப் போனார் குமாஸ்தா. அங்கே மரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு காற்றுப் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. நாற்பது வருடத்துக்கு மேல் கோட்டம் எடுத்துக் கை காய்த்துப் போன ஒரு பாய் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

சைக்கிளைப் பார்த்த பாய் பெடலைப் பற்றி முதலில் பேசவே இல்லை.

“இன்னா சார், வண்டி முன்னாடி போவுதா, பின்னாடி போவுதா?” என்று கேட்டார்.

“ஏன் பாய்?”

“போர்க்கு பின்பக்கமா திரும்பிக்கினு கீது. பிரேக்கு முன்னாடி கீணும். உன்னுது பின்னாடி தொங்குது பாரு. காலு வீல்ல இட்ச்சிருக்குமே?”

செருப்பின் மீது எந்தத் தப்பும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது! போர்க்கின் வளைவு முன்னால் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் திரும்பிவிட்டால் சக்கரம் பெடல் பக்கம் நெருங்கி வந்துவிடும், திருப்பும்போது கால் இடிக்கும். பெட்டியில் ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி அனுப்புவதால், வீட்டில் மாட்டுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது என்கிறார் பாய்.

அப்புறம் பெடல். கழன்ற பெடலைக் கையில் எடுத்தார், எழுத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக் கொண்டார்.

“ரைட்டு பெடல லெப்ட்ல ஏத்திக்கிறே! லெப்ட்டுக்கு எதிர் மரை சார். எல்லாம் வலது கைப் பக்கம் திருப்புனா டைட் ஆவும். சைக்கிள்ல லெப்ட் பெடல் மட்டும் உல்டா.”

“ஏன் பாய் அப்படி?”

பாய் ஒரு பென்சிலை எடுத்தார். இடது கை முஷ்டிக்குள் அதை லூசாகப் பிடித்துக் கொண்டு, வலது கையால் பென்சில் முனையை வட்டமாகச் சுற்றினார். “உள்ளாற பென்சில் எந்தப் பக்கம் சுத்துது பாரு” என்றார். முனை போன வட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பென்சில் தானாக உருண்டது!

சூட்சுமம் இதுதான். மிதிக்கிற அழுத்தம் பெடல் தண்டை மரைக்குள்ளே ஓயாமல் வட்டமாக நசுக்கிக் கொண்டே இருக்கிறது. அதனால் தண்டு மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் நகரப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் ஓட ஓடத் தானே கழன்று போகும். அதற்காகத்தான் இடதுக்கு எதிர் மரை. இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. விமானம் விடுவதற்கு முன்னால் அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், கழலாத பெடல் என்று 1900-ல் இந்த இரட்டை மரைப் பெடலை விளம்பரம் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் காகிதம்? குமாஸ்தா படத்தை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்ல, பாய்க்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. படத்தை அச்சகத்தில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கண்ணாடியில் பார்ப்பது போல செயின் இடது பக்கம் வந்துவிட்டது. அதன் மேல் எழுத்தை மட்டும் ஒழுங்காக அச்சடித்துவிட்டார்கள். அம்புக்குறியும் சேர்ந்து திரும்பிவிட்டது. எந்த நாட்டு சைக்கிளானாலும் செயின் வலது பக்கம்தான் என்பது பஞ்சர் ஒட்டும் பையனுக்குக் கூடத் தெரியும். காகிதம் அடித்தவருக்குத் தெரியவில்லை.

“சைக்கிளுக்கு மரை கழண்டுதா, இத்த அச்சடிச்சவனுக்குக் கழண்டுதா?” என்று பாய் கேட்டபோது, பஞ்சருக்குக் காத்திருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

இந்த மாதிரிக் கேஸ் அவருக்குப் புதிது அல்ல. ஒரு பாங்கி ஊழியர் ஸ்பீடு மீட்டர் வாங்கி மாட்டினார். சக்கரத்தின் சுற்றளவைப் பதிய வேண்டிய இடத்தில் விட்டத்தைப் பதியும்படி அதன் காகிதம் சொல்லியிருக்கிறது. 12 கிலோமீட்டர் மிதித்து மெரினா போய்ச் சேர்ந்தால் மீட்டர் 4 கிலோமீட்டர் கூடக் காட்டவில்லை. மனிதர் தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடமே போய்விட்டாராம்! இன்னொரு கல்லூரி மாணவன். சக்கரத்தைக் கழற்றி மாட்ட ஸ்பேனர் வேண்டாம், ஒரு நெம்புகோல் போதும் என்ற வகை சைக்கிள். அந்த நெம்புகோலை உள்ளங்கையில் தடம் பதிகிற மாதிரி அழுத்தி மடக்கி மூட வேண்டும். அவன் அதை நட்டு மாதிரிச் சுற்றிச் சுற்றி முறுக்கிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை வரைக்கும் போனான், சக்கரம் அவனுக்கு முன்னால் போனது.

அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்கினால் கடையிலேயே மெக்கானிக் கூட்டிக் கொடுப்பார். 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் தொழிற்சாலை நடத்திய டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டியானாலும் சரி, வடக்கே இருந்து வந்த வண்டியானாலும் சரி, வாங்குகிறவர் ஸ்பேனரைத் தொட்டதில்லை. டீ குடித்துக் கொண்டு பார்த்துக் கொண்டிருப்பார். பெல் அடித்துப் பார்த்து, டைனமோவைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிக் கொண்டு வீட்டுக்குப் போவார். இப்போது அந்த 15 சதவீத வேலையைக் குமாஸ்தாவின் தலையில் கட்டிவிட்டார்கள். மெக்கானிக்கின் இடத்துக்கு வந்திருப்பது அந்தக் காகிதம்.

கிராங்க் இரண்டும் பாழ். மாற்றுவதற்கும் கூலிக்கும் சேர்த்து ரூ.850 ஆகும் என்றார் பாய்.

பீரோ காலுக்கு அடியில்

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இருபது நிமிஷம் அலைக்கழித்த பிறகு ஒரு பெண் பேசினார்.

“நீங்களே மாட்டியதால் வாரண்டி கிடையாது சார்.”

“நீங்க குடுத்த காகிதத்துல போட்டிருக்கறபடிதானேம்மா மாட்டினேன்!”

“அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க சார், பார்க்கிறோம்.”

காகிதம் எங்கே? வீடே தலைகீழாகியது. அட்டைப் பெட்டியை ஏற்கெனவே பழைய பேப்பர்காரருக்குப் போட்டாகிவிட்டது. அதோடு போய்விட்டதா? மகன் தள்ளுவண்டிக்காரரைத் தேடி ஓடினான். ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

மறுநாள் காலை மனைவி பீரோவைத் திறந்தார். பீரோ ஆடியது. முதல் நாள் தேடுகிற அமர்க்களத்தில் யாரோ அதை இழுத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால், ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுப்பதற்காக எட்டாக மடித்து அவரே செருகி வைத்த காகிதம்! ஆறு மொழியில் அச்சான அந்தக் காகிதத்துக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வக்கீல் ஒருவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கூறியதாவது:-

“2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ந்தேதி அமலுக்கு வந்தது. அதில் 84-வது பிரிவு இருக்கிறது. பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சரியாக உபயோகிப்பதற்குப் போதுமான குறிப்பு இல்லாமல் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், தயாரித்தவர் பொறுப்பாளி. ‘நீயே மாட்டினாய்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ‘உன் காகிதப்படி மாட்டினேன்’ என்று காட்டினால் பந்து அவர்கள் பக்கம் போய்விடும். அதனால் காகிதத்தையும் பில்லையும் தூக்கிப் போடக் கூடாது.

முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். செலவு இல்லை. அதில் தீராவிட்டால் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்காமல் தாங்களே வாதாடலாம்.”

இவ்வாறு அவர் கூறினார்.

குமாஸ்தா 1915-க்குப் போன் செய்தார். காகிதத்தின் போட்டோவையும் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் கம்பெனியில் இருந்து இறங்கி வந்தார்கள். புது கிராங்க் ஜோடியும், புதுப் பெடல் ஜோடியும் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார்கள். தையல் செலவு, சம்பளப் பிடித்தம் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. அதற்கு அவர் தனியாக மனு எழுதிவிட்டார். கணக்குப்பிள்ளை அல்லவா, பைசா விடாமல் ஐட்டம் ஐட்டமாக எழுதியிருக்கிறார். நசுங்கிய டிபன் கேரியர் ரூ.340 என்பதும் அதில் இருக்கிறது.

பார்சலும் வந்து சேர்ந்தது. குமாஸ்தா அதை வீட்டில் பிரிக்கவே இல்லை. நேரே ஓட்டேரிக்குக் கொண்டு போனார். பாய் பிரித்தார். கிராங்க் இரண்டு, பெடல் இரண்டு. அடியில் எட்டாக மடித்த ஒரு காகிதம்!

விரித்துப் பார்த்தார்கள். அதே ஆறு மொழி. அதே 4-வது படம். செயின் இன்னமும் இடது பக்கம்தான் ஓடிக் கொண்டிருக்கிறது.

பாய் அரைமணியில் வேலையை முடித்து, போர்க்கைத் திருப்பி, ரிப்ளெக்டர்களையும் அந்தந்த இடத்தில் மாட்டிக் கொடுத்தார். இடது பெடலை மகனையே எதிர்ப்பக்கம் திருகச் சொன்னார். விரலாலேயே ஏறியது.

அந்தக் காகிதம் இப்போது மரத்தடிக் கடைப் பலகையில் ஒட்டியிருக்கிறது. பஞ்சருக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, “இதுல இன்னா தப்பு கீது, சொல்லு பாப்போம்” என்று கேட்கிறார் பாய். பத்திரிகையில் வரும் ஆறு வித்தியாசம் மாதிரி ஆளாளுக்கு உற்றுப் பார்க்கிறார்கள். பார்த்த உடனே சரியாகச் சொன்னவர் இதுவரை ஒருவர்தான். தினமும் விடியற்காலையில் சைக்கிளில் கேன் கட்டிக் கொண்டு போகும் பால்காரர்.